ஸ்னீக்கர் போட்டுக்கொண்டு பனிமலை ஏற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டோக்கியோவை ஒட்டியிருக்கும் சைத்தாமாவில் குடும்பத்தோடு வசிக்கிறேன். உங்கள் பத்திரிகையை இணையத்தில் தவறாமல் படிக்கிறவள். சென்ற ஞாயிறு சுற்றுலாப் பக்கத்தில் ஜப்பானின் பனிக்காலம் பற்றி வந்த கட்டுரையையும் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் நடுவில், ரோப்வேயில் ஏறிவிட்டால் கால் மணி நேரத்தில் பனிமலைக்குப் போய்விடலாம், அங்கிருந்து விருப்பமுள்ளவர்கள் உச்சிவரை நடந்துவிட்டும் வரலாம் என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்திருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோப்வே இறக்கிவிடும் இடத்துக்கும் உச்சிக்கும் நடுவில்தான் ஆட்கள் சாகிறார்கள். இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஜப்பான் தேசிய போலீஸ் துறையின் கணக்குப்படி 2023-ல் மட்டும் மலைகளில் ஆபத்தில் சிக்கியவர்கள் 3,568 பேர். அதில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 335 பேர். இது கோடையையும் சேர்த்து வருடம் முழுவதற்குமான கணக்கு. சிக்கிக்கொண்டதற்கான காரணங்களில் முதலிடத்தில் இருப்பது பனிச்சரிவு அல்ல, வழி தவறிப்போவது. கோடையிலேயே தவறுகிற வழி, எல்லாம் வெள்ளையாகிவிட்ட ஜனவரியில் என்ன ஆகும்?

இங்கே மலைக்குப் போய்ச் சேர்வது ரொம்ப சுலபம், சிக்கலே அதுதான். தானிகாவா என்ற மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்மா, நீகாத்தா மாகாணங்களின் எல்லையில் இருக்கிறது. டோக்கியோவில் காலையில் ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் ஜோமோ-கோகென் நிலையம், அங்கிருந்து முக்கால் மணி நேரம் பஸ், அப்புறம் ரோப்வே. பத்து மணிக்குள் கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டரில் தென்ஜின்தைரா என்கிற பனிச்சறுக்குத் திடலில் நிற்கலாம். வழியெல்லாம் சூடான காபி கிடைக்கும், கழிப்பறை சுத்தமாக இருக்கும், வண்டி நிமிடம் தவறாமல் வரும். இத்தனை ஒழுங்கையும் பார்த்துக்கொண்டே வருகிற மனம், ரோப்வே கதவுக்கு வெளியே இருக்கிற மலையும் அதே ஒழுங்கோடு தன்னைக் கவனித்துக்கொள்ளும் என்று நம்பிவிடுகிறது. உச்சியும் கண்ணுக்குத் தெரிகிறது. 1,977 மீட்டர்தானே, இன்னும் அறுநூற்றுச் சொச்சம் மீட்டர்தானே என்று தோன்றுகிறது.

அந்த 1,977 மீட்டர் மலையில் 1930-களிலிருந்து எடுத்த கணக்கில் 800 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதன் கிழக்குப் பக்கத்துப் பாறைச்சுவர்களில் ஏறப்போன பயிற்சி பெற்றவர்கள் என்பது உண்மைதான், அதை மறைத்துப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ரோப்வேயிலிருந்து உச்சிக்குப் போகிற சாதாரண வழியிலும் பனிக்காலத்தில் ஆட்கள் தொலைகிறார்கள், சறுக்கி விழுகிறார்கள். மலையின் உயரத்தை மட்டும் பார்த்து ஜப்பானில் எதையும் முடிவு செய்யக்கூடாது. 1927 பிப்ரவரி 14-ஆம் தேதி ஷிகா மாகாணத்தின் இபுகி மலையில் தரையிலிருந்து பனியின் உயரம் 11 மீட்டர் 82 சென்டிமீட்டர் என்று அளந்தார்கள். வானிலை நிலையங்களில் அளந்த வரைக்கும் உலகத்திலேயே அதுதான் இன்றுவரை அதிகம். அந்த மலையின் உயரம் 1,377 மீட்டர், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பனி? குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உறைந்த காற்று கிளம்பி ஜப்பான் கடலைத் தாண்டி வருகிறது. அந்தக் கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஓடுவதால் காற்று வழிநெடுக ஈரத்தைக் குடித்துக்கொண்டே வந்து, ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் நடுவே நிற்கிற மலைத்தொடரில் மோதி, மேலே ஏறி, அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. கொட்டித் தீர்த்த பிறகு காய்ந்துபோன காற்றாக டோக்கியோ பக்கம் இறங்குகிறது. அதனால்தான் பிப்ரவரியில் டோக்கியோவில் ஒரு மேகம் இல்லாமல் வானம் நீலமாக இருக்கிற அதே மணி நேரத்தில் தானிகாவாவில் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாமல் பனி அடித்துக்கொண்டிருக்கும். நம்மவர்கள் பலர் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் விடுதி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, வெயில் நன்றாக இருக்கிறது, இன்றைக்கே போகலாம் என்று கிளம்புகிறார்கள். நகரத்து வானத்துக்கும் மலைமேல் வானத்துக்கும் சம்பந்தமே கிடையாது, எதிரெதிராகக்கூட இருக்கும். போகிற மலையின் பெயரைப் போட்டு, அதன் உச்சியின் வானிலையைப் பார்க்க வேண்டும், அதிலும் காற்றின் வேகத்தைப் பார்க்க வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 8 டிகிரி என்றால் 2,000 மீட்டரில் மைனஸ் 4. சரி, இதைத் தாங்கிவிடலாம். இங்கே மலையேறிகள் வைத்திருக்கிற தோராயக் கணக்கு என்னவென்றால், காற்று நொடிக்கு ஒரு மீட்டர் கூடினால் உடம்புக்கு ஒரு டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். மரங்களுக்கு மேலே திறந்த முகட்டில் நொடிக்குப் பத்து மீட்டர் காற்று என்பது சர்வசாதாரணம். அப்போது அந்த மைனஸ் 4 மைனஸ் 14 ஆகிவிடுகிறது. பதினைந்து மீட்டர் வீசினால் நடக்கவே முடியாது, குனிந்து நின்றுகொள்ள வேண்டியதுதான். ஏறும்போது வேர்க்கிறது, பருத்திச் சட்டை அந்த வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்கிறது, ஓய்வெடுக்க நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. அதனால்தான் இங்கே பனிமலைக்குப் போகிறவர்கள் உள்ளாடை முதல் பருத்தியே இல்லாமல் உடுத்துகிறார்கள். கம்பளி உள்ளுடை ஒன்று இருந்தால், மேலே போடுகிற ஜாக்கெட் எவ்வளவு விலை என்பது அப்புறம்தான்.

போன பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மலையேற்றக் குழுவோடு தானிகாவா போயிருந்தேன். குழுத் தலைவருக்கு எழுபது வயதுக்கு மேல், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும், நாங்கள் உச்சியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சின்ன அடைக்கலக் குடில் இருக்கிறது, அன்றைக்கு அது கூரையின் ஒரு மூலை மட்டும் தெரிகிற அளவுக்குப் பனியில் புதைந்திருந்தது. அதற்கு அருகே மூன்று பையன்கள் எதிரே ஏறி வந்தார்கள். பேச்சு காதில் விழுந்தது, தமிழ். நான் நின்றதும் ஒருவன் சந்தோஷமாக, "அக்கா, நீங்க தமிழா? உச்சி இன்னும் எவ்ளோ தூரம்க்கா?" என்று கேட்டான்.

இரண்டு பேர் காலில் ஓடுவதற்குப் போடுகிற ஸ்னீக்கர். ஒருவன் காலுறைக்கு மேல் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையைக் கட்டி அதற்குமேல் ஷூ மாட்டியிருந்தான். மூன்று பேருமே ஜீன்ஸ். முழங்காலுக்குக் கீழே அந்த ஜீன்ஸ் நனைந்து உறைந்து தகரம் மாதிரி விறைத்துப்போய், அடி எடுத்து வைக்கும்போது மடங்காமல் சத்தம் போட்டது. கையில் கம்பளி நூல் கையுறை, அதன்மேல் பனி உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் வரைபடம் இருந்ததாம், போன் அணைந்துவிட்டதாம். காலையில் எழுபது சதவீதம் சார்ஜ் இருந்ததே என்று அவனுக்கு ஆச்சரியம். குளிரில் லித்தியம் பேட்டரி அப்படித்தான், உள்ளே மின்சாரம் மிச்சமிருந்தாலும் கொடுக்காமல் நின்றுவிடும். உடம்போடு ஒட்டி உள்பாக்கெட்டில் வைத்திருந்தால் அணைந்திருக்காது.

எங்கள் தலைவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார். பிளாஸ்டிக் பை கட்டியிருந்த பையனிடம் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அவன் முயற்சி செய்தான். விரல்கள் ஜிப்பின் சின்ன நாக்கைப் பிடிக்கவில்லை. மறுபடியும் முயற்சி செய்தான், கை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போனது. "குளிரெல்லாம் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான், வார்த்தை கொஞ்சம் குழறியது. அந்தப் பதில்தான் எங்கள் எல்லோரையும் பயமுறுத்தியது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகத் தொடங்கும்போது முதலில் நடுக்கம் வரும், பிறகு விரல் கேட்காது, கால் தடுமாறும், பேச்சு குழறும், அப்புறம் நடுக்கம் தானாக நின்றுவிடும். நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்பு தன்னைச் சூடாக்குகிற முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் சிக்கியவரின் மூளையும் சரியாக வேலை செய்யாது என்பதால் அவர் சொல்கிற "நான் நல்லா இருக்கேன்" என்பதை யாரும் நம்பக்கூடாது. கூட வந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவனுக்குச் சர்க்கரை போட்ட சூடான தேநீர் கொடுத்தோம், உலர்ந்த கையுறை மாட்டிவிட்டோம், என் பையிலிருந்த கம்பளித் தொப்பியைப் போட்டுவிட்டு, மூன்று பேரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். தம்பி, உச்சி எங்கேயும் போகாது, இன்னொரு நாள் ஒழுங்காக வரலாம் என்று நான் சொல்ல, அவர்களும் மறுப்பு சொல்லாமல் வந்தார்கள். இறங்கும்போதுதான் அவர்களுக்கே புரிந்தது. ஏறி வந்த கால்தடங்கள் இல்லை. அரை மணி நேரக் காற்றில் முழுவதும் மூடிப்போயிருந்தது. தெளிவாகத் தெரிந்தது பக்கவாட்டில் பள்ளத்தாக்கை நோக்கிப் போகிற இரண்டு கோடுகள் மட்டும்தான், "இதுல போனா சீக்கிரம் போயிடலாமேக்கா?" என்று ஒருவன் கேட்டான். அது பனிச்சறுக்குக்காரர்கள் வேண்டுமென்றே திடலை விட்டு வெளியே இறங்கிப்போன தடம். அவர்களிடம் பனிச்சரிவில் புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கும், மண்வெட்டி இருக்கும், எங்கே வெளியே வருவது என்ற திட்டமிருக்கும். நடந்து போகிறவன் அதைப் பின்தொடர்ந்தால் இடுப்பளவு பனியில், திரும்பி ஏற முடியாத ஓடையில் மாட்டிக்கொள்வான். மலையில் தடம் தெரிகிறது என்பதற்காகப் பின்னாலேயே போகக்கூடாது, அது யாருடைய தடம், எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் போகவேண்டும்.

அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. படித்த, பண்பான பிள்ளைகள். ரோப்வே டிக்கெட் வாங்கினார்கள், வெளியே வந்தார்கள், ஆட்கள் வரிசையாக ஏறுவது தெரிந்தது, பின்னாலேயே போனார்கள். அந்த வரிசையில் போனவர்கள் ஒவ்வொருவர் பூட்ஸின் அடியிலும் பன்னிரண்டு இரும்புமுள் மாட்டியிருந்ததும் கையில் பனிக்கோடரி இருந்ததும் தூரத்திலிருந்து தெரியாது. வீடியோ எடுத்துப் போடுகிறவர்களும் அதைக் காட்டுவதில்லை. பனியை எப்போதாவதுதான் பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு யாராவது சொன்னால்தானே தெரியும்?

தயாரில்லாமல் போவதன் விலை என்னவென்று ஜப்பானியர்களே பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டவர்கள்தான். 1902 ஜனவரியில் ஆவோமோரியில் ராணுவத்தின் ஒரு படைப்பிரிவு பனிப்பயிற்சிக்காக ஹக்கோதா மலைக்குள் போனது. 210 பேர் போனதில் 199 பேர் இறந்துபோனார்கள். ஹக்கோதா 1,600 மீட்டரைக்கூடத் தொடாத மலை. அதே நாட்களில் ஹிரோசாகியிலிருந்து கிளம்பிய இன்னொரு சிறு படை, உள்ளூர்க்காரர்களை வழிகாட்டக் கூட்டிக்கொண்டு எதிர்த்திசையிலிருந்து அதே மலைப்பகுதியைக் கடந்தது, அந்த வீரர்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். மலையும் ஒன்று, புயலும் ஒன்று. 2009 ஜூலை 16-ஆம் தேதி ஹொக்கைதோவின் தொமுராவுஷி மலையில் ஒரு சுற்றுலாக் குழுவில் எட்டுப் பேர் இறந்தார்கள், வழிகாட்டி ஒருவரும் அதில் சேர்த்தி. மாதம் ஜூலை என்பதைக் கவனியுங்கள். மழையும் காற்றும் நனைந்த உடையும் மட்டுமே போதுமாக இருந்தது. 2017 மார்ச் 27-ஆம் தேதி தோச்சிகி மாகாணத்தின் நாசுவில், பள்ளி மாணவர்களுக்கான மலையேற்றப் பயிற்சியின்போதே பனிச்சரிவு வந்து ஏழு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இறந்தார்கள். பொறுப்பிலிருந்த மூன்று ஆசிரியர்களுக்கு 2024 மே மாதம் உத்சுனோமியா மாவட்ட நீதிமன்றம் இரண்டாண்டு சிறைத்தண்டனை விதித்தது. வசந்தம் வந்துவிட்டது, பனி அடங்கிவிட்டது என்று நினைக்கிற மாதம் மார்ச். பழைய கெட்டிப்பனியின்மேல் ஒரே இரவில் புதுப்பனி விழுந்தால் அது ஒட்டிக்கொள்ளாமல் அப்படியே தட்டாகச் சரியும், 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த மரமில்லாத சரிவு எதுவாக இருந்தாலும் அன்றைக்கு அதற்குக் கீழே நிற்கக்கூடாது.

ஃபுஜியைப் பற்றியும் கேட்பார்கள். நம்மவர்களுக்கு ஜப்பான் மலை என்றாலே ஃபுஜிதான். 3,776 மீட்டர் உயரம். ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வாக்கில் வரைதான் ஏறும் காலம். 2025-லிருந்து நான்கு வழிகளிலும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம். மற்ற மாதங்களில் ஏறும் வழிகள் மூடியிருக்கும், குடில்களும் முதலுதவி நிலையங்களும் கழிப்பறைகளும் பூட்டியிருக்கும். குளிர்காலத்து ஃபுஜியில் பனி மென்மையாக இருக்காது, காற்று தேய்த்துத் தேய்த்துக் கல்லாக்கிவிட்ட பனிக்கட்டிச் சரிவு அது, மரம் கிடையாது, பிடித்து நிற்க எதுவும் கிடையாது, ஒருமுறை சறுக்கினால் நூற்றுக்கணக்கான மீட்டர் போய்த்தான் நிற்கும். 2019 அக்டோபர் கடைசியில் ஒருவர் ஃபுஜியில் ஏறிக்கொண்டே இணையத்தில் நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது சறுக்கி விழுந்து இறந்தார். 2025 ஏப்ரலில் ஜப்பானில் படிக்கும் ஒரு சீன மாணவர் பூட்ஸின் இரும்புமுள்ளைத் தொலைத்துவிட்டு மேலே மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். நான்கு நாள் கழித்து, விட்டுவிட்டு வந்த போன் முதலான சாமான்களை எடுக்கத் திரும்பப் போய் மறுபடியும் மாட்டிக்கொண்டு மறுபடியும் மீட்கப்பட்டார். இங்கே அது பெரிய பேச்சானது. மீட்கும் செலவைச் சம்பந்தப்பட்டவரிடமே வாங்கவேண்டும் என்று ஃபுஜினோமியா நகர மேயரே சொன்னார். மீட்கப் போகிறவர்களும் அதே சரிவில், அதே காற்றில்தான் ஏறுகிறார்கள் என்பதை நினைத்தால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, பனிமலைப் பக்கமே போகக்கூடாது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. நானும் வளர்ந்த பிறகுதான் பனியைப் பார்த்தவள், முகட்டின்மேல் நின்று ஒருபக்கம் டோக்கியோவைச் சுற்றியிருக்கிற கான்தோ சமவெளியும் மறுபக்கம் வெள்ளை வெள்ளையாக மலைத்தொடரும் தெரிகிற அந்தக் காட்சி நம்மவர்கள் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவள். அதற்கு மலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும். நாகானோவின் நியூகாசா மலை, 1,955 மீட்டர், கேபிள் வண்டி பெரும்பகுதி உயரத்தை ஏற்றிவிட்டுவிடும், மிச்சம் காட்டு வழியாக ஒரு மணி நேரம் மாதிரி நடை. அங்கேயே வட யாத்சுகாதாகே ரோப்வே 2,237 மீட்டர்வரை கொண்டுபோய் விடும், அங்கிருந்து கிதா-யோகோதாகே உச்சி 2,480 மீட்டர், பெரும்பாலும் மரங்களுக்கு நடுவேதான் வழி, அதனால் காற்று குறைவு. குன்மாவில் ஆகாகியின் குரோபி மலை, 1,828 மீட்டர். இந்த மூன்றும் இங்கே ஜப்பானியர்களே முதல்முறை பனிக்குப் போகிற மலைகள். இவற்றிலும் வானிலை கெட்ட நாளில் போகக்கூடாது, அதில் விவாதமே இல்லை. முதல்முறை ஒரு வழிகாட்டியோடோ அனுபவமுள்ளவரோடோ போனால் இன்னும் நல்லது.

சாமான் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் வாங்கவேண்டும் என்றும் இல்லை. டோக்கியோவில் மலைச்சாமான்களை வாடகைக்குத் தருகிற கடைகள் உண்டு. வாங்குவதென்றால் ஜிம்போச்சோ பகுதியில் மலைக்கடைகள் வரிசையாக இருக்கின்றன, கடைக்காரரிடம் எந்த மலை, எந்த மாதம் என்று சொன்னால் அவரே எடுத்துக்கொடுப்பார், தேவையில்லாததை வேண்டாம் என்றும் சொல்லுவார். முக்கியம் பூட்ஸும் அதன் அடியில் மாட்டுகிற முள்ளும். சங்கிலி போலிருக்கிற சின்ன முள் சமமான காட்டுவழிக்குச் சரி, தானிகாவா மாதிரி செங்குத்தான சரிவில் அது பிடிக்காது, அங்கே பத்து பன்னிரண்டு முள் உள்ள ஐசென் வேண்டும், அதை மாட்ட அடி வளையாத கெட்டியான பூட்ஸ் வேண்டும். மாட்டத் தெரிந்தால் போதாது, நடக்கவும் பழகவேண்டும். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் முள் மறுகாலின் பேண்ட்டில் மாட்டித் தலைகுப்புற விழுவோம். ஈரப்பனியில் முள்களுக்கு நடுவே பனி கட்டிகட்டியாக அடைத்துக்கொண்டால் முள் இருந்தும் இல்லாத மாதிரிதான், கோலால் தட்டிவிட்டுக்கொண்டே நடக்கவேண்டும். முள் மாட்டிய காலோடு உட்கார்ந்து சறுக்கி விளையாடவே கூடாது. குதிகால் பனியில் குத்தி நின்றுவிடும், உடம்பு நிற்காது, கணுக்கால் முறிந்துபோகும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

கையுறை இரண்டு ஜோடி எடுத்துப்போங்கள், ஒன்று நனைந்தால் மாற்ற. குளிர்க்கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கெடுத்துவிடும். தண்ணீர்ப் பாட்டில் உறைந்துபோகும், பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள்.

நேரம்தான் பலர் கோட்டைவிடுகிற இடம். டிசம்பரில் டோக்கியோ பக்கம் மாலை நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கு முன்பே இருட்டும். ரோப்வேயின் கடைசி வண்டி நேரத்தை ஏறும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாவது நிலையத்துக்கு வந்துவிடுகிற மாதிரி திரும்பவேண்டும். எங்கள் குழுவில் காலையில் கிளம்பும்போதே திரும்பும் நேரம் ஒன்று குறித்துவிடுவார்கள். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டுதான், உச்சி ஐம்பது மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிடுவோம். முதலில் எனக்கு அது அநியாயமாகத் தோன்றியது, இப்போது அந்த விதி இல்லாத யாரோடும் நான் மலைக்குப் போவதில்லை.

போவதற்கு முன்னால் மலையேற்றத் திட்டத்தைப் பதிவு செய்யவேண்டும். யார், எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதுதான் அதில் இருக்கும். அடிவாரத்தில் பெட்டி இருக்கும், கம்பாஸ் என்ற இணையதளத்திலும் செய்யலாம். அதில் செய்தால், சொன்ன நேரத்துக்குள் இறங்கிவிட்டதாக நீங்கள் தெரிவிக்காதபோது நீங்கள் கொடுத்த ஆளுக்குத் தகவல் போய்விடும். நாகானோ மாதிரி சில மாகாணங்களில் குறிப்பிட்ட வழிகளில் இது சட்டப்படி கட்டாயம். உங்கள் பயணத் திட்டம் யாருக்குமே தெரியாவிட்டால் எந்தப் பள்ளத்தாக்கில் தேடுவது என்று மீட்புக்குழுவுக்கு எப்படித் தெரியும்? மாட்டிக்கொண்டால் 110 போலீஸ், 119 ஆம்புலன்ஸ், இரண்டில் எதை அழைத்தாலும் மீட்புக்குச் சொல்லிவிடுவார்கள். போலீஸ் ஹெலிகாப்டருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் சைத்தாமா மாகாணம் 2018-லிருந்து குறிப்பிட்ட மலைப்பகுதிகளில் தன் ஹெலிகாப்டர் வந்து மீட்டால் பறக்கிற ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பணம் வாங்குகிறது, தொடக்கத்தில் அது 5,000 யென். தனியார் ஆட்கள் தேட இறங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்குப் பல்லாயிரம் யென் ஆகும். சாதாரண பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டேனே என்று இருந்துவிட வேண்டாம், பனிக்கோடரியும் ஐசெனும் வைத்து ஏறுகிற மலையேற்றத்துக்குப் பல காப்பீடுகள் பொருந்தாது, தாளில் சின்ன எழுத்தில் அது இருக்கும்.

பெரியவர்கள், சின்னக் குழந்தைகளோடு வருகிற குடும்பங்கள் பனியைப் பார்க்க மலை ஏறவே தேவையில்லை. தென்ஜின்தைரா திடலிலேயே கயிறு கட்டிய எல்லைக்குள் நின்று நாள் முழுக்க பனியில் விளையாடலாம். ஏப்ரல் நடுவில் தாதேயாமா மலைப்பாதை திறந்ததும் முரோதோவில், 2,450 மீட்டரில், சாலையின் இருபுறமும் ஆண்டைப் பொறுத்து இருபது மீட்டர் வரைகூட உயர்ந்து நிற்கிற பனிச்சுவருக்கு நடுவே நடக்கலாம், பஸ்ஸே கொண்டுபோய் விடும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஜப்பான் பனிமலை பற்றி இனி எது எழுதினாலும், அந்த மலைக்கு எந்த மாதத்தில் போகலாம், காலில் என்ன மாட்டவேண்டும், ரோப்வேயின் கடைசி வண்டி எப்போது, எந்த எண்ணை அழைக்கவேண்டும் என்று கட்டுரைக்குக் கீழே ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். தகவல் வேண்டுமென்றால் நானும் எங்கள் குழுவில் இருப்பவர்களும் சரிபார்த்துத் தருகிறோம். சென்ற ஞாயிறு வந்த அந்த வரிக்கு மட்டும் உடனே ஒரு திருத்தம் வந்தால் நல்லது, பொங்கல் விடுமுறைக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்னால் அது அவர்கள் கண்ணில் படவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
சைத்தாமா, ஜப்பான்